பேரேடும் பொதியும்

ஊவாவின் தோட்டப்புறங்களிலிருந்து கணினித் துறைக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பதுளை.

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

பசறையிலும் லுணுகலையிலும், மடூல்சீமையிலும் ஹாலிஎலவிலும், பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் அப்பாலுள்ள மலைகளிலும், லயத்துக் காம்பிராவிற் பாயை விரித்துப் படித்து முன்னேறி, ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் கல்விக்கூடங்களிலோ கணினி விஞ்ஞானம் பயின்று, இன்று நிரல் எழுதுவதோடு நில்லாமல் எழுதியதைப் பொதியாகக் கட்டிப் பிறர் கையிற் சேர்ப்பிக்கவும் தொடங்கியிருக்கிற உங்களுக்கு, அதே மலைச்சாரலிற் பிறந்து அதே தொழிலில் தலை நரைத்துப்போன ஒருவன் எழுதும் மடல் இது.

சென்ற மாதம் உங்களிற் சிலர் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து உங்கள் வேலைகளைக் காட்டினீர்கள். நிரல்களின் சரித்திரம் கிட் களஞ்சியத்தில் வரிவரியாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு மனம் மகிழ்ந்தேன். பயனாளருக்கு அனுப்பிய பொதிகள் எங்கே என்று கேட்டபோதோ, மடிக்கணினியின் ஒரு மூலையிலிருந்த வேறொரு கோப்புறையைத் திறந்தீர்கள். அங்கே 'இறுதி', 'இறுதி-2', 'இறுதி-சரியானது', 'இறுதி-இதைத்தான் அனுப்பவும்' என்று நான்கு பொதிகள் கிடந்தன. அவற்றுள் எது களஞ்சியத்தின் எந்த நிலையிலிருந்து பிறந்தது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அன்று நானும் சிரித்துவிட்டு உங்களுக்குத் தேநீர் ஊற்றினேன். இரவு படுத்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நீங்கள் எழுதிவைத்திருக்கிற பேரேட்டுக்கும் நீங்கள் அனுப்பிவைக்கிற பொதிக்கும் இடையே கிடக்கும் அந்த இடைவெளியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் என் கடமையில் வழுவியவனாவேன் என்று தோன்றிற்று.

என் தகப்பனார் நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து வழக்கிற் சொன்னால் 'ஸ்டோரில்', லிகிதராக இருந்தார். தேயிலையைக் கடதாசிச் சாக்குகளில் நிரப்பும் இக்காலத்துக்கு முந்திய அந்நாளில், உள்ளே உலோகத்தாள் வைத்த மரப்பெட்டிகளில் அதை அடைத்து, எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மை பூசி, தோட்டத்தின் மார்க், தேயிலையின் தரம், இன்வாய்ஸ் இலக்கம், மொத்த நிறை, வெற்றுப் பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை ஆகியவற்றைப் பெட்டியின் முகத்திலே பதிப்பார்கள். பெட்டிகள் 1924-ஆம் ஆண்டு பதுளைக்கு வந்து முடிந்த இருப்புப் பாதை வழியே, தெமோதரை வளையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து கொழும்பு சேரும். அங்கே 1883 முதல் நடந்துவரும் ஏலத்துக்காகத் தரகர்கள் மாதிரியைச் சுவைத்துப் பார்த்து மதிப்புச் சொல்வார்கள். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெட்டியின் முகத்திலுள்ள அந்த நாலைந்து சொற்களும் எண்களுமே.

ஆயினும், கொழும்பிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால், தகப்பனார் அந்த இன்வாய்ஸ் இலக்கத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, முதலில் அனுப்புகைப் புத்தகத்தையும், பிறகு சலிக்கும் அறையின் கணக்கையும், அதற்கும் பின்னால் வறுத்த நாளையும், கடைசியாகக் கொழுந்துக் கணக்கையும் புரட்டி, இன்ன நாளில் இன்ன நம்பர் மலைகளிற் கொய்த கொழுந்து இது என்று சொல்லிவிடுவார். நாலரை அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, வறுபட்டு ஒரு கிலோ தேயிலையாகிறது என்பது ஸ்டோரில் எல்லாரும் அறிந்த கணக்காகையால், மடுவத்தில் நிறுத்ததற்கும் பெட்டியில் அடைத்ததற்கும் பொருத்தம் இல்லாவிட்டால் எங்கேயோ பிசகு நேர்ந்திருப்பது வெகு சீக்கிரத்தில் வெளிப்பட்டுவிடும். புத்தகத்தில் ஏறாத பெட்டி ஸ்டோர் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர் கடைப்பிடித்த ஒரே விதி. அந்த விதியை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, வாசலை மறித்து நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மென்பொருட் பொதியும் ஏறத்தாழ அந்தப் பெட்டி போன்றதே. டெபியன் என்னும் பெரும் விநியோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் இயன் மர்டொக் தொடங்கிவைத்த அந்தக் கூட்டு முயற்சியில், ஒவ்வொரு பொதியின் மூலத்தோடும் ஒரு சிறு கோப்புத் தொகுதி வருகிறது. அதில் 'கொன்ட்ரோல்' என்னும் கோப்பு இப்பொதிக்கு வேறெவை துணையாக வேண்டும், யார் இதற்குப் பொறுப்பு என்பவற்றைச் சொல்லும்; 'ரூல்ஸ்' எவ்வாறு கட்டுவது என்பதைச் சொல்லும்; 'கொப்பிரைட்' உரிமங்களைச் சொல்லும்; 'சேஞ்ச்லாக்' இதுகாறும் நிகழ்ந்த மாற்றங்களை நாள், பெயர் சகிதம் சொல்லும். 1.8.0-2 என்று ஒரு பதிப்பெண்ணைக் கண்டால், மூல ஆசிரியரின் 1.8.0-ஆம் வெளியீட்டை விநியோகத்தார் இரண்டாம் முறையாகக் கட்டியது என்று பொருள். ஒரு முறை களஞ்சியத்துக்குள் சென்றுவிட்ட எண்ணை, வேறு சரக்குக்கு மறுபடி சூட்டி அனுப்ப அங்கே இடமில்லை. எங்கள் ஸ்டோரிலும் ஒரே இன்வாய்ஸ் இலக்கத்தை இரண்டு சரக்குக்குப் போட்டால் தகப்பனாருக்கு அன்றைக்கு இராச் சாப்பாடு இறங்காது.

பேரேட்டின் கதை பொதியின் கதையினும் பழையது. 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரொச்கைண்ட் என்பவர் நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்க முதற் கருவியைச் செய்தார். அதன் பின் வோல்ட்டர் டிக்கியின் ஆர்.சி.எஸ்., டிக் குரூனின் சி.வி.எஸ்., பின்னர் 2000-இல் தொடங்கிய சப்வெர்ஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த கிட் இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கிறது. கிட்டின் நுட்பம் அறிய எளிது, வியக்கவும் தக்கது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டெடுத்த 40 குறிகளைக் கொண்ட ஒரு பெயர் உண்டு. அந்தக் கணக்கில் அதற்கு முந்திய பதிவின் பெயரும் சேர்ந்திருப்பதால், பழைய பதிவொன்றில் ஒரே ஓர் எழுத்தை யாரேனும் மாற்றினால் அதற்குப் பின்வந்த அத்தனை பதிவுகளின் பெயர்களும் மாறிப்போய்க் களவு வெளிப்பட்டுவிடும். தோட்டத்து வருகைப் புத்தகமாகிய செக்ரோலில் முழுப் 'பேரை', அதாவது முழு நாள் வேலைக் கணக்கை, பிளேடாற் சுரண்டி 'அரைப் பேர்' ஆக்கிய கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, சுரண்ட முடியாத ஒரு புத்தகத்தின் அருமையை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டையும் இணைப்பதில்தான் உலகின் பெரிய விநியோகங்கள் வெவ்வேறு வழி சென்றன. ஃபெடோரா விநியோகத்தில், 2010 வரை சி.வி.எஸ்ஸிலும் அதன் பின்னர் கிட்டிலும், பொதி ஒவ்வொன்றின் கட்டுமானக் குறிப்பும் பொதுவான ஒரு களஞ்சியத்திலேயே இருக்கும். பராமரிப்பவர் பதிவை அங்கே ஏற்றிவிட்டுக் கட்டளை கொடுத்தால், 'கோஜி' என்னும் பொது இயந்திரம் அந்தப் பதிவை எடுத்துப் பொதியைக் கட்டும். நம் நாட்டிலே 2009-இல் தனிஷ்க நவின் முதலானோர் ஃபெடோராவை அடித்தளமாகக் கொண்டு, சிங்களமும் தமிழும் வழங்கும் பாடசாலைகளை மனத்தில் வைத்து வெளியிட்ட ஹந்தான லினக்ஸ் இந்த மரபின் வழிவந்ததே. டெபியனிலோ நெடுங்காலமாக வேறு வழக்கம். பராமரிப்பவர் தம் கணினியிலேயே மூலப் பொதியைக் கட்டி, தம் சாவியாற் கையொப்பமிட்டு, 'டிபுட்' என்னும் கருவியால் களஞ்சிய வாசலுக்கு அனுப்புவார். வாசலிலுள்ள இயந்திரம் கையொப்பத்தைச் சோதித்து உள்ளே விடும். அவருடைய கிட் களஞ்சியம் வேறோரிடத்தில், 2018 முதல் பெரும்பாலும் 'சல்சா' என்னும் தளத்தில், இருக்கும். ஆனால் அங்கே இருப்பதும் வாசலுக்கு வந்ததும் ஒன்றுதானா என்று அந்த வாசற்காவல் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமற்போனதன் விளைவை என் கையாலேயே அனுபவித்திருக்கிறேன். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்க் குறிமுறைக் கட்டளையில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகையை நீங்கள் அறிவீர்கள். நானும் நண்பர் ஒருவரும் பல ஆண்டுகளுக்கு முன் அதையொட்டிய ஒரு சிறு விசைப்பலகைப் பொதியைப் பாடசாலைக் கணினிகளுக்காகச் செய்து அனுப்பிவந்தோம். ஒருநாள் 'ஸ்ரீ' என்னும் எழுத்தைத் தரும் விசையிற் பிழை இருப்பதாக ஓர் ஆசிரியை தொலைபேசியிற் சொல்ல, அவசரத்தில் கட்டுமானக் கோப்புறைக்குள்ளேயே அந்த வரியைத் திருத்தி, அங்கேயே பொதியைக் கட்டி அனுப்பிவிட்டேன். பிழை தீர்ந்தது, ஆசிரியை நன்றி சொன்னார், களஞ்சியத்திற் பதிய மறந்தேன். எட்டு மாதம் கழித்து நண்பர் வேறொரு திருத்தத்துக்காகக் களஞ்சியத்திலிருந்து அடுத்த பதிப்பைக் கட்டியபோது, பழைய பிழை உயிர்பெற்றுத் திரும்பி வந்தது. அதே ஆசிரியை மறுபடி அழைத்து, "போன வருஷம் சரியாகத்தானே சேர் இருந்தது?" என்று கேட்டார். நண்பர் தம் பேரேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் 'போன வருஷம்' அதில் இருக்கவில்லை. அது என் பழைய கணினியோடு குப்பைக்குப் போயிருந்தது. வாசலை மறித்து நின்ற மனிதரின் மகன் நான் என்பது அப்போது நினைவுக்கு வந்து வெட்கினேன்.

என்னுடையது மறதியால் வந்த வினை. வஞ்சகத்தால் வந்த வினையொன்று 2024-இல் நடந்தது. லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ள, கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்-இசட் என்னும் சிறு நூலகத்தை லாஸே கொலின் என்பவர் தனியாளாகப் பல ஆண்டுகள் பராமரித்து வந்தார். ஜியா டான் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையோடு உதவிகள் செய்து, நம்பிக்கை பெற்று, வெளியீடுகளைச் செய்யும் அதிகாரத்தையும் பெற்றார். 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து பிற கணினிக்குள் நுழையும் பாதுகாப்பு வாயிலையே திறந்துகொடுக்கும் ஒரு கள்ளச் சாவி இருந்தது. அதை இயக்கிவிடும் சிறு கட்டுமான வரிகள் கிட் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுக்கென்று தனியே கட்டி ஏற்றிய சுருக்கக் கோப்பில் மாத்திரம் இருந்தன. பேரேட்டைப் படித்தவர்கள் பேரேட்டில் குற்றம் காணவில்லை. விநியோகங்களோ பேரேட்டை எடுக்காமல் பெட்டியை எடுத்தன. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும், ஃபெடோராவின் சோதனை வெளியீடுகளுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

ஆண்டிரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அதை அலட்சியம் செய்யாமல் துருவிச் சென்று, 2024 மார்ச் 29-ஆம் திகதி உலகுக்கு அறிவித்திராவிட்டால், அது நிலையான பதிப்புகளுக்குள்ளும் புகுந்திருக்கும். இதற்கு முன்பும், 2018-இல், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பொதிக் களஞ்சியத்தில் ஒரு பொதிக்குள், அதன் வெளிப்படையான மூலத்தில் இல்லாத கள்ள நிரல் ஒன்று இதே விதமாக நுழைந்ததுண்டு. இந்த விருத்தாந்தத்தில் பேரேட்டின் மீது அளவிறந்த நம்பிக்கை வைப்பதற்கும் இடமில்லை என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும்: எக்ஸ்-இசட் விஷத்தின் பெரும்பாகம், சோதனைக்குரிய கோப்புகள் என்னும் வேடத்தில், கிட் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தது; அதைத் தட்டியெழுப்பும் கடைசி வரிகள் மாத்திரமே பெட்டிக்குள் ஒளிந்திருந்தன. யாரும் படிக்காத பேரேடு வெற்றுக் கடதாசிதான். ஆயினும், அந்தக் கடைசி வரிகளை ஜியா டான் பேரேட்டில் எழுத அஞ்சினார் என்பதைக் கவனியுங்கள். நாலு பேர் பார்க்கும் புத்தகத்தில் எழுதுவதைவிட ஒருவரும் திறந்து பார்க்காத பெட்டிக்குள் வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இந்த இடைவெளியை மூடுவதற்கு டெபியனில் நடந்த முயற்சி உங்கள் கவனத்துக்கு உரியது. இயன் ஜாக்சனும் ஷான் விட்டனும் முன்வைத்த 'டேக்-டு-அப்லோட்' என்னும் ஏற்பாட்டில், பராமரிப்பவர் பொதியைத் தாமே கட்டி அனுப்புவதில்லை. தம் கிட் களஞ்சியத்தின் ஒரு நிலைக்குக் கையொப்பமிட்ட குறியொன்றை இட்டு அதை ஏற்றிவிடுவதோடு அவர் வேலை முடிகிறது. அந்தக் கையொப்பத்தையும் அவருக்குரிய அதிகாரத்தையும் சோதித்து, குறியிட்ட நிலையிலிருந்தே மூலப் பொதியைக் கட்டிக் களஞ்சியத்துக்கு அனுப்பும் பொறுப்பை ஒரு பொதுச் சேவை ஏற்கிறது. இதைக் களஞ்சியத்தின் வாசற்காவலர்கள் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பராமரிப்பவரின் கையொப்பத்தை, வந்து சேர்ந்த சரக்கின் மீதே நேராகச் சோதிக்கும் பழைய உரிமையை விட்டுக்கொடுத்து, இடையிலுள்ள ஓர் இயந்திரத்தின் வாக்கை நம்புவதா என்பது அவர்களுடைய ஆட்சேபம். தகப்பனாரின் மகனாகிய நான் அதைச் சிறு ஆட்சேபம் என்று சொல்ல மாட்டேன். நெடிய விவாதத்தின் பின் 2025-இல் அந்தச் சேவை இயங்கத் தொடங்கிற்று. பைதான் மொழிக்கான ஓப்பன்-தமிழ் போன்ற நூலகங்கள் கிடைக்கும் பைபிஐ களஞ்சியமும், 2023 முதல், கடவுச்சொல்லை ஆளுக்காள் வைத்திருக்காமல் பேரேடு இருக்குமிடத்திலிருந்தே பொதியை நேராக வெளியிடும் வழியொன்றைத் திறந்திருக்கிறது. உலகம் நடந்துகொண்டிருக்கும் திசை தெளிவாகத் தெரிகிறது.

இவ்விடத்தில் தேயிலையால் இயலாத ஒன்றை மென்பொருள் செய்யக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மலையில் ஒரே கை கொய்த கொழுந்தாயினும், ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது வருகிற ஊவாத் தேயிலையின் மணத்தை மார்கழி மழையில் யாராலும் வரவழைக்க முடியாது. மென்பொருளிலோ, 2013 முதல் டெபியனில் வேரூன்றிப் பிற விநியோகங்களுக்கும் பரவிய மீள்கட்டுமான முயற்சியின் பயனாக, ஒரே மூலத்தை நீங்கள் பதுளையிலும் இன்னொருவர் பிரேசிலிலும் தனித்தனியே கட்டி, இரண்டு பொதிகளும் கடைசித் துணுக்கு வரை ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒப்புநோக்கலாம். ஒன்றாயிருந்தால், பேரேடும் பெட்டியும் பொருந்துகின்றன என்பதற்கு அதனினும் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்புநோக்கு நடைபெற வேண்டுமானால், எந்த மூலத்திலிருந்து கட்டினோம் என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும்; 'இறுதி-சரியானது' என்ற பெயரை வைத்துக்கொண்டு பிரேசில்காரர் என்ன செய்வார்?

இவ்வளவையும் வேறு எந்த ஊர் இளைஞருக்கும் எழுதலாமே, எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் மூதாதையர் இந்த மலைகளுக்கு வந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் தோட்டங்களுக்கு அனுப்பிய முறையொன்றிற்குத் தகர டிக்கட் என்று பெயர்; எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரத் துண்டே அவர்களுக்கு வழிச்சீட்டாயிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கடன் கணக்கு எழுதிய 'துண்டு' வேண்டியிருந்தது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் நீங்கிற்று. பிறகு 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனாயினும், தகப்பனார் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. மறு ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர்களுக்கு ஏழாண்டும் ஆகாதவர்களுக்குப் பத்தாண்டும் இடைவிடாத வசிப்பை நிரூபிக்கச் சொன்னது. கொழுந்துக் கணக்கும், செக்ரோலும், பிரட்டுக்களத்துப் பேர்க் கணக்கும் நாள் தவறாமல் எழுதப்பட்டே வந்தன. ஆயினும் அவை துரையின் கந்தோரில், நம்மவர் படிக்கவியலாத மொழியில், அவர்கள் கைக்கு எட்டாத அலுமாரியில் இருந்தன. பின்னர் 1964-இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கிடும் தொகையாக எடுத்துக்கொண்டு, 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. முகத்தில் எண் பதித்து அனுப்பப்பட்ட சரக்கின் கதி எதுவென்பதை நம் வீடுகளில் உள்ள பழைய தகரப் பெட்டிகளும், இராமேசுவரத்துக்குப் போன உறவினர்களின் மங்கிய புகைப்படங்களும் சொல்லும்.

ஆகையினால்தான் கிட்டின் ஒரு குணத்தை உங்களுக்கு விசேஷமாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் டி.ஆர்.ஐ. 2025 என்பதுபோல் எண்ணிட்டுத் தந்த குளோன் கன்றுகளைத் தவறணையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்; தாய்ச் செடியின் தண்டை வெட்டி நட்ட அந்தக் கன்றுக்குத் தாயின் இயல்பு முழுவதும் வரும், தாய் பட்ட கவ்வாத்துக்களின் நினைவு வராது. கிட் களஞ்சியத்தை ஒருவர் குளோன் செய்தாலோ, இன்றைய நிரலோடு முதல் நாளிலிருந்து நடந்த சரித்திரம் முழுவதும் அவருடைய கணினிக்கு வந்துவிடுகிறது. பழைய சி.வி.எஸ்., சப்வெர்ஷன் காலத்திலே பேரேடு ஒரு மத்திய கணினியில் இருந்தது, மற்றவர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். இன்றோ வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் பேரேட்டின் முழுப் பிரதி இருக்கிறது. கந்தோர் அலுமாரிக்குச் சாவி கேட்டு நிற்கவேண்டிய அவசியம் இல்லாத ஒரு புத்தகம் நம் சமூகத்துப் பிள்ளைகள் கையில் வந்திருக்கையில், அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு எண் மட்டும் போட்ட பெட்டியை அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிரலுக்கு ஒரு களஞ்சியமும் பொதிக்குக் கோப்புறையும் என்று பிரித்து வைக்காமல், கட்டுமானக் கோப்புகளையும் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்து, பொதியைக் களஞ்சியத்திலிருந்தே கட்டுங்கள். டெபியன் வழிக்கு 2006 முதல் கிட்-பில்ட்பேக்கேஜ் என்னும் கருவி இருக்கிறது. பதிவாகாத மாற்றம் ஒன்று கிடக்கையிற் பொதியைக் கட்ட அது மறுத்துவிடும். அந்த மறுப்பை மீறுவதற்கும் ஒரு தெரிவு உண்டு. நான் 'ஸ்ரீ'யைத் திருத்திய அவசரத்தில் நீங்களும் ஒருநாள் அதைத் தேடுவீர்கள், தேடும்போது இந்த மடலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கையொப்பமிட்ட குறியொன்றை இடுங்கள். கையொப்பச் சாவியை நண்பரின் கணினியிலோ பாடசாலைக் கணினியிலோ வைக்காதீர்கள். பிழையோடு போன பொதியை அதே எண்ணிற் சத்தமின்றி மாற்றிவைக்காமல், எண்ணை ஏற்றி, சேஞ்ச்லாக்கில் பிழையை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். உங்கள் சொந்தப் பொதிகளின் பதிவுக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம், கிட் அதற்கு யாதொரு தடையும் சொல்வதில்லை.

தோட்டத்தில் இணையம் நின்று நின்று வருகிறது என்ற குறை நியாயமானதே; மழை நாளில் மேற்பிரிவு லயங்களில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது என்பதை நானும் அறிவேன். ஆனால் கிட்டுக்குப் பதிவு செய்ய இணையம் வேண்டியதில்லை. மலையில் இருந்தபடி வாரம் முழுவதும் பதிந்து, ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வரும்போது ஏற்றிவிடலாம். அதுவும் இயலாதபோது 'பண்டில்' என்னும் கட்டளை சரித்திரம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அதைப் பென்டிரைவில் போட்டுத் தம்பி ஒருவனிடம் பஸ்ஸிற் கொடுத்தனுப்பினாலும், பெறுகிறவர் அதை அப்படியே களஞ்சியமாக விரித்துக்கொள்வார். 'நெட் இல்லை, ஆகவே ஸிப் பண்ணி அனுப்பினோம்' என்ற சாக்கு இனிச் செல்லாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விறாந்தையில் நீங்கள் காட்டிய அந்த நான்கு 'இறுதி'களையும் இப்போதே அழித்துவிட வேண்டாம். அடுத்த முறை வரும்போது அவற்றோடு வாருங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, களஞ்சியத்தின் எந்த நிலையோடு பொருந்துகிறது என்று ஒப்புநோக்கி, பொருந்தாத வரிகளை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தீர்கள் என்று ஞாபகம் உள்ளவரையில் பேரேட்டில் ஏற்றுவோம். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விடை கிடைக்காத வரிகளுக்கு நேரே, கிடைக்கவில்லை என்றே எழுதிவைப்போம். தகப்பனாரின் அனுப்புகைப் புத்தகத்திலும் அப்படி இரண்டோர் இடங்கள் இருந்தன.

தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
பழைய பொதிகாரன் ஒருவன்